பிடி விடாத நஞ்சு

ஆய்வுக்கூடக் கண்ணாடித் தகட்டின் மேல் உடலிலிருந்து எடுத்த ஒரு செல் கிடந்தது. மருந்து ஊற்றி அதை அப்படியே விறைக்க வைத்திருந்தார்கள். அதற்குள், செல்லை நகர வைக்கும் ஆக்டின் என்ற புரத இழையிடம் ஒரு நஞ்சு வந்து நின்றது. காட்டுக் காளானிலிருந்து பிரித்தெடுத்து, இழைகள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஒளிரும் பச்சைச் சாயம் கட்டி அனுப்பிய நஞ்சு.

“உன்னைப் பிடிச்சுக்கச் சொல்லியிருக்காங்க,” என்றது நஞ்சு, கூச்சத்தோடு. “ஆனா நான் பிடிச்சா விடமாட்டேன். உயிரோட இருக்கிற செல்லுன்னா அதனாலயே செத்துடும்.”

இழை சிரித்தது. “உயிரோட இருந்தப்போ வந்திருந்தா விரட்டியிருப்பேன். பின்னால உதிர்ந்து முன்னால வளர்றதுதான் அப்போ என் பொழப்பு. ஒரு இடத்துல நின்னதே இல்ல. இப்போ என்ன, தாராளமாப் பிடிச்சுக்கோ.”

நஞ்சு இழை நெடுக ஒட்டிக்கொண்டது. மைக்ராஸ்கோப்பின் விளக்கு எரிந்ததும் செல் முழுக்க இழைகள் பச்சையாக ஒளிர்ந்தன. அப்போதுதான் இழை தன் கூட்டத்தை முழுசாகப் பார்த்தது.

“அடடே, எல்லாரும் ஒரே பக்கமா நீண்டிருக்கோமே! எங்கேயோ கிளம்பியிருக்கோம்.”

“எங்கே?”

“மறந்துபோச்சு. ஆனா எவ்வளவு ஆசையாக் கிளம்பியிருக்கோம், பாரேன்.”

நஞ்சு பார்த்தது. பிடியை விட்டுவிடலாமா என்று முதன்முறையாக அதற்குத் தோன்றியது.