ஆறு தகடுகள்

கேமராவுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் போய் நின்றாள் பூங்காவனம். தலையில் பால்குடம்.

கறுப்புத் துணிக்குள்ளிருந்து எட்மோன் தலையை வெளியே எடுத்தார். கரும்புத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா அவர். ஊர்வலத்தில் வரும் ஆட்கள் அங்கே ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடியும் என்று பார்த்து, மூன்று கால் பெட்டியைப் பாலத்தின் முனையில் நிறுத்தியிருந்தார்.

"தள்ளி நில்லுங்க, மாதாம். இது பொது ரோடு. யாரை வேணும்னாலும் படம் எடுக்கலாம்."

"பொது ரோடுதானே, முசியே? அதான் நானும் நிக்கிறேன்."

அவளுக்குப் பின்னால் தைப்பூச ஊர்வலம் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

படம் எதற்கென்று ரிவியேர் டு ராம்பார் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

போன ஆகஸ்டில், 1937இல், கரும்பு வெட்ட மாட்டோம் என்று தோட்டத்துத் துரையின் வாசலில் வந்து நின்றவர்களின் முகம் துரைக்கு நினைவிருந்தது. பெயர்தான் தெரியவில்லை. படம் கையில் இருந்தால் துரை முகத்தைத் தொட்டுக் காட்டுவார். ஆட்களை மேய்க்கும் சர்தார் பெயரைச் சொல்வார். பெயர் சொல்லப்பட்டவன் அந்த வாரமே பிள்ளைகுட்டியோடு தோட்டம் கொடுத்த கேம்ப் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

மற்ற நாட்களில் கேமராவைக் கண்டால் ஆட்கள் தொப்பியை இறக்கிவிடுவார்கள். முதுகைத் திருப்பிக்கொள்வார்கள்.

இன்று முடியாது. தோளில் காவடி. இரண்டு கையும் அதைப் பிடித்திருக்கும். நாக்கில் வேல். கோயில் சேரும்வரை மௌன விரதம். வேண்டாம் என்று சொல்லக்கூட வாய் கிடையாது.

அதனால்தான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

பூங்காவனத்துக்கு வாய் இருந்தது.

எட்மோன் பெட்டியை இடப்பக்கம் நகர்த்தினார். அவளும் நகர்ந்தாள். வலப்பக்கம் நகர்த்தினார். அங்கேயும் அவள். குடத்தில் பால் தளும்பியது, சிந்தவில்லை.

கையைப் பிடித்து இழுத்துவிட அவருக்கு ஒரு நொடி போதும். மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனாலும் பால்குடம் சுமப்பவளைத் தொடக்கூடாது என்று இந்த ஊரில் வளர்ந்த அவருக்குத் தெரியும்.

பாலத்தோரத்துப் பாதாம் மரத்து நிழலில் சர்தார் நின்றிருந்தார். இருமினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஆலே, பூங்காவனம்! போ. உனக்கு எதுக்கு இந்த வேலை? வெயில்ல பால் திரிஞ்சிடும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் சொன்னது உண்மைதான். விடிகாலையில் ஆற்றங்கரையில் நிரப்பிய பால். கோயில் வரைக்கும் திரியாமல் வந்தால் முருகன் வேண்டுதலை ஏற்றுக்கொண்டான் என்று அர்த்தம். திரிந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஓர் உயிரை விட்டுவைக்கச் சொல்லி அவள் வேண்டிக்கொண்ட பால் அது.

இந்தத் தீவில் தை நடுக்கோடை; வெயில் நேராகக் குடத்தில் இறங்கியது.

காவடிகள் ஒவ்வொன்றாகப் பாலத்தை விட்டு இறங்கின. மயிலிறகுகள் அவள் முதுகை உரசிக்கொண்டு போயின. தனராஜ் மட்டும் ஒரு கணம் நின்றான். ஆகஸ்டில் துரையின் வாசலில் முதலில் வாய் திறந்து பேசியவன். அவன் காவடியின் இரண்டு முனையிலும் பால் செம்பு கட்டியிருந்தது.

"நிக்காதே தம்பி. நட," என்றாள், திரும்பாமலே.

எட்மோனிடம் ஆறு கண்ணாடித் தகடுகள் இருந்தன, தகட்டுக்கு ஒரு படம். கோபத்தில் ஆறையும் அழுத்தித் தீர்த்தார். ஆறிலும் விழுந்தது ஒரே முகம். வியர்வையில் குங்குமம் வழிகிற, கண்ணைத் தாழ்த்தாத முகம்.

"நல்லா விழுந்திருக்கா, முசியே? துரைகிட்டக் காட்டுங்க. பேருக்கு யாரையும் கேக்க வேணாம். பூங்காவனம். எழுதிக்குங்க."

கடைசிக் காவடி வளைவில் மறைந்த பிறகுதான் அவள் அடியெடுத்து வைத்தாள்.

கோயிலில் அவள்தான் கடைசியாக வந்து சேர்ந்தாள். காவடிக்காரர்கள் விலகி அவளுக்கு முன்னால் இடம் விட்டார்கள்.

பூசாரி குடத்தின் வாயில் கட்டிய மஞ்சள் துணியை அவிழ்த்தார். உள்ளே பார்த்தார்.

பால் கட்டிகட்டியாகத் திரிந்திருந்தது. தண்ணீர் தனியே நின்றது.

பூசாரி துணியை மறுபடி மெல்ல மூடினார். எல்லோரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டார்.

"யார் பேருக்கும்மா?"

தாலி கட்டியவன் பெயரை அவள் அதுவரை வாயால் சொன்னதில்லை. அப்படியொரு வழக்கம். இன்று சொன்னாள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ராமசந்திரன். பூரட்டாதி நட்சத்திரம். இருமல்ல ரத்தம் வருது, சாமி. பாலத்துப் பாதாம் மரத்தடியில நின்னாரே, தோட்டத்து சர்தார். அவருக்குத்தான்."

வரிசை முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

பிறகு தனராஜ் முன்னால் வந்தான். நாக்கில் வேல் இன்னும் இருந்தது. பூசாரியின் முன்னால் முழங்காலை மடக்கி, காவடியின் ஒரு முனையைத் தாழ்த்தினான். அதில் கட்டியிருந்த செம்பைக் கண்ணால் காட்டினான். பிறகு அவளைக் காட்டினான்.

பூசாரி செம்பை அவிழ்த்துத் திறந்தார். வெள்ளைவெளேரென்று இருந்தது பால்.

ராமசந்திரன் பெயரைச் சொல்லி அதை முருகன் தலையில் ஊற்றினார்.

தனராஜ் எழுந்து தன் இடத்துக்குத் திரும்பினான். ஒரு செம்பு குறைந்த காவடி அவன் தோளில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.