பழைய தெருவின் ஜனக்கணக்கு

1951-ல் எங்கள் ஊருக்கு ஜனக்கணக்கு எடுக்க வந்த வாத்தியார் சேலத்துக்காரர். பிளேக் வந்த வருஷம், பிழைத்தவர்கள் பழைய தெருவை அப்படியே விட்டுவிட்டு இந்த மேட்டில் குடியேறியது அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு செம்பு மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

“பழைய தெருவை முடிச்சிட்டு வர்றேன். பேரெல்லாம் மளமளன்னு சொன்னாங்க. தண்ணிதான் ஒருத்தரும் குடுக்கலே.”

“அங்க ஆளுங்க ஏது சார்? வெயில் தலைக்கு ஏறிடுச்சா?” என்று அம்மா சிரித்தாள்.

“கிண்டல் பண்ணாதீங்கம்மா. நானே கதவு கதவா நம்பர் போட்டேன்.” அவர் விரல்களில் தார் ஒட்டியிருந்தது.

என் பெயரைக் கேட்டார்.

“ராஜாத்தி. என் பொண்ணு,” என்றாள் அம்மா.

அவர் எழுதவில்லை. “இவளை அங்கயே எழுதிட்டேனே. வேப்பமரத்து வீட்டம்மா சொன்னாங்க, ‘ராஜாத்தி எங்க பொண்ணு, மேட்டுல சென்னம்மா வளக்குறா, பொழுது சாஞ்சதும் போய்க் கூட்டிட்டு வந்துருவோம்’னு. ஒரு ஆளை ரெண்டு இடத்துல எழுதக்கூடாதும்மா.”

அந்த வீட்டில் பிளேக்குக்குத் தப்பிய கைக்குழந்தை நான். என்னைத் தூக்கிவந்து வளர்த்த சென்னம்மாதான் இந்த அம்மா.

“அழிச்சிட்டு இங்க எழுதுங்க சார்,” என்று அவர் காலில் விழுந்தாள்.

“பெத்தவங்களைக் கேக்காம எப்படிம்மா அழிக்கறது?” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பழைய தெருவில், கூரை விழுந்த வீடுகளிலிருந்து அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. வேப்பமரத்து வீட்டில் மட்டும் புகை இல்லை. அங்கே வாசல் கதவு திறந்து கிடந்தது.