இரண்டாவது சுற்று

ஓர் அணுவுக்குள் சுழலி, நெடியாள் என்ற இரண்டு அலைகள் தோழிகளாக வாழ்ந்தார்கள். ஒருநாள் சுழலி ஆசையாக ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு நெடியாளிடம் ஓடிவந்தாள். ஆனால் அவளுடைய மேடுகளெல்லாம் பள்ளங்களாகியிருந்தன. நெடியாளின் மேடுகளை அந்தப் பள்ளங்கள் விழுங்க, தொட்ட இடத்தில் இருவருமே மறையத் தொடங்கினார்கள். சுழலி பதறி விலகினாள்.

“நான் உன்னை அழிச்சிடுவேன்டி. இனிமே உன் பக்கமே வரமாட்டேன்.”

“நீ ஒண்ணும் கெட்டுப்போகலடி. உன் பிறவி அப்படி, ஒரு சுத்து உனக்குப் பத்தாது. இன்னொரு தடவை சுத்திட்டு வா, நான் இங்கேயே இருக்கேன்,” என்றாள் நெடியாள்.

சுழலி பயந்துகொண்டே மறுபடியும் முழுதாகச் சுற்றினாள். திரும்பி வந்தபோது பள்ளங்கள் மேடுகளாகியிருந்தன. அப்போதும் அவள் தயங்கித் தள்ளியே நின்றாள்.

நெடியாள்தான் போய்த் தொட்டாள். மேட்டோடு மேடு சேர, இருவரும் தனியாக ஒருநாளும் எட்டாத உயரத்துக்கு எழுந்தார்கள்.