தாளைத் தின்னும் பச்சை

கண்ணாடிப் பெட்டிக்குள் திறந்து வைத்திருந்த பழைய கையெழுத்துப் பிரதியைச் சுற்றி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள். எழுத்துகளுக்கு நடுவே உள்ளங்கை அளவில் ஒரு படம். ஓரங்களில் பொன் இன்னும் மினுங்கியது. தோட்டத்தில் ஒரு பெண் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டியிருந்தாள். ஒற்றை முடித் தூரிகையால் வரைந்த அவள் கண்கள் சிரித்தன. கைகளுக்கு எதிரே தாளில் ஓர் ஓட்டை.

"அங்க யாரு மிஸ் இருந்தா?" என்றான் ஒருவன்.

"அவங்க புள்ள," என்றாள் அருங்காட்சியகத்தில் படங்களை விளக்கிச் சொல்லும் செலின். "அப்பல்லாம் செம்புல பூக்குற பச்சைக் களிம்பைச் சுரண்டி எடுத்து வரைவாங்க. அந்தப் பச்சை தாளைத் தின்னுடும். முதல்ல பழுப்பாகும், அப்புறம் உதிர்ந்துடும். வரைஞ்சவருக்கு அந்தப் புள்ளய ரொம்பப் புடிச்சிருக்கணும். அதோட சட்டைக்குத்தான் பச்சையை அள்ளி அள்ளிப் பூசியிருக்கார். அதான் அது முதல்ல போச்சு."

"மருந்து போடலாம்ல?"

"போட்டுப் பாத்தாச்சு. வெளிச்சத்தைக் குறைச்சும் பாத்தாச்சு. நிக்கல."

பிள்ளைகள் அடுத்த பெட்டிக்கு ஓடினார்கள். அதில் யானைப் படம் இருந்தது. நிலோஃபர் மட்டும் நகரவில்லை. பெட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மிஸ், அந்த அம்மாவோட சட்டைக் கையும் பச்சைதான்."

செலின் அவள் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். மணிக்கட்டோரம் பச்சை பழுப்பாகத் தொடங்கியிருந்தது. போன வாரம் அது இல்லை.