செம்பருத்திக்குள் ஒண்ணுமில்லை

சிரிப்பு நிச்சயம் உண்டு. முதலில் செம்பருத்தி அழுது முடிக்கட்டும்.

ஆய்வுக்கூடத்தில், எண்ணெய்ப் பசையை மட்டுமே கரைக்கத் தெரிந்த ஹெக்சேன் என்ற திரவம், காய்ந்த செம்பருத்தியை ஒரு பகல் ஊறவைத்துவிட்டுச் சொன்னது: "மருந்துச் சத்தா? உன்கிட்ட வெறும் மெழுகுதான் தாயி. குப்பைக்கூடைக்குக் கிளம்பு."

செம்பருத்தி அழுதது. "உள்ள என்னமோ இருக்கிற மாதிரிதான் தோணுது..."

பக்கத்துக் குடுவையில் தண்ணீர் கலந்த ஆல்கஹால் இருந்தது. அது ஹெக்சேனின் குரலிலேயே இழுத்துப் பேசியது: "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமே இல்ல. போறதுக்கு முன்னால என் மடியில கொஞ்ச நேரம் அழுதுட்டுப் போ. சரிதானண்ணே?"

"தாராளமா" என்றது ஹெக்சேன்.

மறுநாள் சாயங்காலம் ஆல்கஹால் கருஞ்சிவப்பாக நின்றது.

"சாயம் எங்கடா வாங்கின?"

"ஒண்ணுமில்லாத இடத்துலதாண்ணே."

ஹெக்சேன் வெளுத்துக் கிடந்த இதழ்களைப் பார்த்தது. நிறமே ஏறாத தன் உடம்பையும் பார்த்தது.

"அடப்பாவி, அவ்வளவு சத்தும் இவகிட்டயா இருந்துச்சு?"