கன்னியப்பனின் ஆறு பிழைகள்

"பாரத தேசத்துல பழைய கூட்ஸ் வண்டியோட சரித்திரம் முழுசாத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தர் வெள்ளைக்காரரு. அவரும் செத்துட்டாரு" என்றார் பஞ்சாட்சரம், கண்களை மூடிக்கொண்டு.

"அப்போ சைக்கிள் கடை கன்னியப்பன்?" என்றாள் மனைவி செல்லம்மாள், முறத்திலிருந்து தலை நிமிராமல்.

மூடிய கண்கள் திறந்துகொண்டன.

உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடிக்க வேண்டும். ஆனாலும் பஞ்சாட்சரத்தின் லெட்டர் பேடில் 'ரயில்வே சரித்திர ஆராய்ச்சியாளர்' என்று அச்சாகியிருந்தது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டதால் அவருக்கு வேறு வேலை இல்லை. பதினைந்து வருஷமாகப் பழைய கூட்ஸ் வண்டிகளின் படங்களையும் அளவுகளையும் சேர்த்து, தச்சரை வைத்துச் சின்னச் சின்ன மாதிரிகள் செய்து, கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தார். ஆராய்ச்சி அவருடையது; வேலை தச்சருடையது.

போன மாதம் கன்னியப்பனும் ஒரு வண்டி செய்துவிட்டான். பால்பவுடர் டின்னை வெட்டி, சைக்கிள் ஸ்போக்கை வளைத்து, 1912-ஆம் வருஷத்து மூடிய கூட்ஸ் வண்டி. ஒரு சாண் நீளம். தள்ளினால் கதவு நகர்ந்தது. ஆணித் தலைகளைக்கூட எண்ணி வைத்திருந்தான். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் பஞ்சரை மறந்துவிட்டு நின்றார்கள்.

பஞ்சாட்சரத்துக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் பஞ்சாயத்து யூனியன் பொருட்காட்சி. அதில் தேறுகிற ஒரே ஒரு வண்டி சென்னை ரயில் கண்காட்சிக்குப் போகும், செய்தவரின் பெயரோடு.

நாலாம் நாள் சைக்கிள் கடைக்குப் போனார்.

"எந்த புக்குல பாத்து செஞ்சே?"

"நமக்கு இன்னா புக்குண்ணா? வண்டியே கீது. செங்கல்பட்டுக்குத் தெக்கால சின்ன ஸ்டேஷன் ஒண்ணு. சக்கரத்தைக் கழட்டிட்டு, பொட்டியை மட்டும் கல்லு மேல எறக்கி வச்சிருக்காங்க. வாங்களேன், ஞாயித்துக்கிழமை கூட்டிக்கினு போறேன். அங்க ஆளுங்களைக் கேட்டா..."

"நீ? என்னை? கூட்டிக்கினு போறே?"

மறுநாள் தனியாக பஸ் ஏறினார்.

வண்டி பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. யாரையும் கேட்க வேண்டிய அவசியமும் ஆராய்ச்சியாளருக்கு இல்லை. டேப்பைப் பிடித்து, கூரை மேலும் ஏறி, மூன்று மணி நேரம் அளந்தார். அளக்க அளக்க முகம் மலர்ந்தது. பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல். கூரையில் வட்டமாக ஓர் ஓட்டை. இரண்டும் கன்னியப்பன் வண்டியில் இல்லை!

"கண்ணு அவிஞ்சவன் செஞ்ச வண்டியைத்தான் ஊரே தூக்கி வச்சிக்கினு ஆடுது!" என்று வீட்டு வாசலிலேயே அறிவித்தார்.

"கூட்ஸ் வண்டிக்கு ஜன்னல் எதுக்குங்க? நெல்லு மூட்டை வேடிக்கை பாத்துக்கினு போறதுக்கா?"

"உனக்கு இன்னாடி தெரியும்? அது வாழைத்தார் ஏத்தற வண்டி. ஜன்னலு காத்தோட்டத்துக்கு. மேல ஓட்டை வெக்கை போறதுக்கு. வெள்ளைக்காரன் இன்னா முட்டாளா?"

தச்சர் தேக்கில் இழைத்து முடிப்பதற்குள், 'கன்னியப்பனின் ஆறு பிழைகள்' என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டார். கிடைத்த பிழை இரண்டுதான். இரண்டுக்கு ஒரு நோட்டீஸ் அடித்தால் நன்றாக இருக்காது.

பொருட்காட்சியன்று அவர் வண்டியைப் பார்த்ததும் கன்னியப்பன் பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணா, அந்த ஜன்னலு..."

"பொறாமை!"

"இல்லண்ணா, நான் அங்க விசாரிச்சப்போ..."

"ஒன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டிக்கீதுடா, பொறாமைன்னு. போ, போய் ஒன் டின்னுக்குப் பக்கத்துல நில்லு."

நடுவராக வந்த ஏகாம்பரம், ரயில்வே பணிமனையில் போர்மேனாக இருந்து ரிடையரானவர். கன்னியப்பன் வண்டியின் கதவைத் தள்ளிப் பார்த்தார், ஆணிகளைத் தடவினார், தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பஞ்சாட்சரத்தின் வண்டி முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சுண்டு விரலை ஜன்னலுக்குள் மெதுவாக நுழைத்துப் பார்த்தார்.

"அளவெடுத்தது யாருங்க?"

"அடியேன்தான்."

"கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல?"

"ரெண்டடி மூணு அங்குலம்."

"கரெக்ட். கூரையில ஓட்டை?"

"ஆறு அங்குலம். சுத்த வட்டமில்லை, கொஞ்சம் கோணல். அதையும் விடல நான்."

"ரொம்ப கரெக்ட்" என்றார் ஏகாம்பரம். விரலை ஜன்னலிலிருந்து எடுக்கவில்லை.

பஞ்சாட்சரம் திரும்பிக் கன்னியப்பனை ஒரு பார்வை பார்த்தார். பதினைந்து வருஷ ஆராய்ச்சி அந்தப் பார்வையில் இருந்தது.

"எம்பொண்சாதியை இட்டாந்து காட்டணும் சார்" என்றார் ஏகாம்பரம். "கல்யாணமான புதுசு. நான் அப்போ வெறும் கலாசி, ரயில்வேயில எடுபிடிக் கூலி. கலாசிக்கு ஏது குவார்ட்டர்ஸ்? நாலு வருஷம் இதுலதான் எங்க குடித்தனம். ஜன்னலை நான்தான் ரம்பம் போட்டு அறுத்தேன். மேல ஓட்டை, அடுப்புப் புகை போறதுக்கு அவ கேட்டா."

சென்னைக்குக் கன்னியப்பனின் வண்டி போயிற்று. பஞ்சாட்சரத்தின் வண்டிக்கும் முதல் பரிசு உண்டு. எதிர்ப் பந்தலில், 'குறைந்த செலவில் வீடு' என்ற பிரிவில். அந்தப் பிரிவுக்கு வேறு யாரும் எதுவும் கொண்டுவரவில்லை.