ஒன்பதாம் நம்பர்

"கையும் களவுமா பிடிச்சாச்சு!"

டீனிகா போட்ட சத்தத்தில் கூடத்துக்குள் நடந்துகொண்டிருந்த வாலிபால் நின்றுபோனது. தரையில் உட்கார்ந்து ஆடும் வாலிபால் அது. ஆடுகிறவர்கள் செயற்கைக் காலைக் கழற்றி வெளியே சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போவது வழக்கம்.

அந்தக் கால்களுக்கு நடுவே நிஸார் உட்கார்ந்திருந்தான். மடியில் டீனிகாவின் கால், கையில் ஸ்க்ரூ முடுக்கும் ஒரு ஆலன் கீ.

"பாத்ரூம்னு சொல்லி நடுவுல நடுவுல நழுவுவியே, இதுக்குத்தானா? ஸ்க்ரூவைக் கழட்டி எங்க விக்கிற?"

"அக்கா... சின்ன வேலை..." சிரியாவிலிருந்து வந்து எட்டு மாதம். அவனுக்குத் தெரிந்த டச்சு அவ்வளவுதான்.

கோச் ரூலோஃப் தயங்கினார். "பொறு டீனிகா. அகதி முகாமை விட்டா அவனுக்குப் போக்கிடம் இது ஒண்ணுதான்."

"இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குறான். அவன் இருந்தா நான் வரமாட்டேன்."

டீனிகா கேப்டன். கோச் ஜெர்சியைத் திரும்பக் கேட்டுக் கையை நீட்டினார்.

நிஸார் பையிலிருந்து பச்சை நிறப் போட்டி ஜெர்சியை எடுத்துக் கொடுத்தான். முதுகில் நம்பர் இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை.

"பார்த்தீங்களா, கொடுத்த ஜெர்சியையும் நாசம் பண்ணி வெச்சிருக்கான்!"

அவன் தலையைக் குனிந்தபடி போய்விட்டான். அடுத்த வாரமே அவனை வேறு ஊர் முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தபோது, "நல்லதாப் போச்சு" என்றாள் டீனிகா.

மார்ச்சில் அவள் செயற்கைக் கால் மறுபடி கீச்சிட ஆரம்பித்தது. அது உரசி முன்பு வந்து ஆறியிருந்த புண்ணும் எட்டிப் பார்த்தது. கால் செய்து தரும் கெர்பனிடம் போனாள்.

"போன தடவை நீங்க சரி பண்ணதுல நாலு மாசம் நிம்மதியா நடந்தேன் கெர்பன். அதுக்குத்தானே ஆப்பிள் கேக் கொடுத்தனுப்பினேன்."

"கேக் அதுக்கா? என் பிறந்தநாளுக்குன்னு நெனச்சேன்! அன்னிக்கு நான் புதுக் காலுக்கு அளவு மட்டும்தானேம்மா எடுத்தேன். இதைத் தொடவேயில்ல."

காலைக் கவிழ்த்து உள்ளே டார்ச் அடித்தார் கெர்பன்.

"அடடா, கைதேர்ந்த ஆளு! புண் உரசுற இடம் பார்த்துக் குட்டி மெத்தை தெச்சு ஒட்டியிருக்கார். ஸ்க்ரூவையும் அவர்தான் அப்பப்போ முடுக்கியிருக்கணும்."

மெத்தையைப் பிய்த்து மேஜையில் விரித்தார். பச்சைத் துணி. நடுவில் வெள்ளையாக ஒன்பது.

டீமில் சேர்ந்த முதல் நாளே, ஊரில் தான் பார்த்த வேலையைச் சொல்ல நிஸார் வாயெடுத்தான். 'இங்க எல்லாத்துக்கும் சர்டிபிகேட் வேணும் தம்பி, நீ பந்தைப் பாரு' என்று அடக்கியவள் டீனிகாதான். இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

"யாரும்மா இவர்?"

"எங்க டீம் ஒன்பதாம் நம்பர்" என்றாள். "ஒரு மேட்ச்கூட ஆட விடல."